வினைச்சொல்லும் வில்பட்டிச் சிறுவனும்

கோடைக்கானல் ஏரியைச் சுற்றி வரும் கூட்டத்தினின்றும் விலகி, வடக்கே செல்லும் சாலையைப் பிடித்தால் சில கல் தொலைவில் வில்பட்டி வந்துவிடும். சரிவுகளை வெட்டிப் படிப்படியாக அமைத்த நிலங்கள். அவற்றில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும். அம்மலைப் பூண்டிற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை ஏற்றி இறக்கி வாணிபம் செய்யும் நண்பர் ஒருவர் இல்லத்தில் சென்ற கோடையில் நாம் சில நாள் தங்கியிருந்தோம்.

நண்பரின் மகனுக்கு வயது பதின்மூன்று. கீழ்நாட்டில் ஓர் அரபு மதரஸாவில் ஓதுகிறான். விடுமுறைக்கு வீடு வந்திருந்தான். காலையில் குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அவன் 'மீஸான்' பாடத்தை ஒப்புவிப்பதைக் கேட்டோம். 'கதப, கதபா, கதபூ' என்று தொடங்கிப் பதினான்கு வடிவங்களையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். ஒரு பிழை இல்லை. இடையில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, "இதற்குத் தமிழில் என்ன, தம்பி?" என்று கேட்டோம். விழித்தான். ஆங்கிலப் பாடத்திலும் அதே கதைதான். கால வாய்பாடுகள் நாவில் இருந்தன. வாக்கியம் ஒன்று அமைக்கச் சொன்னால் கை ஓடவில்லை.

"போகட்டும், 'எழுது' என்ற தமிழ் வினைக்கு எத்தனை இறந்தகால வடிவங்கள் உண்டு?" என்றோம். சிரித்துவிட்டான். "தமிழுக்கு எதற்கு மாமா இலக்கணம்? அதுதான் தானாக வருகிறதே!"

அந்தத் 'தானாக வருகிற' இலக்கணத்தைப் பற்றித்தான் ஈண்டு எழுதப் புகுந்தோம். அதற்கு இந்த மலையே ஒரு காரணமும் தருகிறது. தமிழ் வினைச்சொல்லை உலக அறிஞர் அவைக்குக் கொண்டுசென்ற ராபர்ட் கால்டுவெல் தம் இறுதி மூச்சை விட்டது இந்தக் கோடைக்கானலில்தான். 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள். உடலை மலையினின்றும் இறக்கி, தென்கோடியில் அவர் அரை நூற்றாண்டு வாழ்ந்த இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838 ஜனவரியில் சென்னைத் துறையில் வந்திறங்கினார். வந்த கப்பலில் உடன் பயணம் செய்தவர் தெலுங்குக்குத் தொண்டு செய்த சார்லஸ் பிலிப் பிரௌன். மூன்றாண்டுகள் சென்னையில் தமிழ் கற்றபின், திருநெல்வேலிச் சீமைக்கு அவர் கால்நடையாகவே புறப்பட்டார். மொழியைப் புத்தகத்தில் மட்டும் கற்றவரல்லர். சாவடிகளிலும் மரத்தடிகளிலும் மக்கள் பேச்சிலிருந்து கற்றவர். அவரது 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' 1856இல் வெளிவந்தது. விரிந்த இரண்டாம் பதிப்பு 1875இல்.

அவர் சொன்னவை அனைத்தும் நிலைத்துவிடவில்லை. இம்மொழிகளைச் 'சித்திய' இனத்தோடு உறவுபடுத்தியதைப் பிற்கால ஆய்வாளர் ஏற்கவில்லை. 1849இல் நாடார் சமூகத்தாரைப் பற்றி அவர் எழுதிய நூல் அம்மக்களைப் பெரிதும் புண்படுத்தியது, அதுவும் வரலாறே. முதன்முதல் இக்கருத்தை எடுத்துரைத்தவரும் அவரல்லர். நாற்பதாண்டுகளுக்கு முன்பே, 1816இல், சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை, காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்திற்குத் தந்த முன்னுரையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்று காட்டிவிட்டார். எனினும், அந்தக் குடும்பத்தின் வினைச்சொல்லைப் பிரித்துப் போட்டு, பகுதி இது, காலம் காட்டும் உறுப்பு இது, ஆளைக் காட்டும் விகுதி இது என்று பல மொழிகளிலும் ஒப்பவைத்து நிறுவிய பெருமை கால்டுவெல்லைச் சேரும்.

சொற்கள் கடன் வரும், கடன் போகும். வினையின் அமைப்பும் மூவிடப் பெயர்களும் வாக்கியத்தின் கட்டுக்கோப்பும் எளிதில் இடம் பெயர்வதில்லை. இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. நம் வீடுகளில் பேசும் தமிழைக் கவனித்தால் போதும். துஆச் செய்தார், ஸலாம் கூறினார், நிய்யத்து வைத்தார், வக்ஃபு செய்தார், மௌத்தானார் என்கிறோம். பெயர் அரபு; வினை தமிழ். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உறவில் எத்தனையோ அரபுப் பெயர்ச்சொற்கள் நம் பேச்சிலே குடியேறின. ஆனால் அவற்றைத் தாங்கி நடப்பவை நம் பாட்டிமார் பேசிய பழைய வினைகளே. 'மௌத்தானார்' என்பதில் 'மௌத்' கடல் கடந்து வந்தது. 'ஆனார்' இந்த மண்ணில் விளைந்தது. இன்னும் உள்ளே போனால், ஓதுதல், தொழுதல், நோன்பு நோற்றல் என்று அன்றாட வணக்கங்களையே தமிழ் வினைகளால்தான் சொல்கிறோம். உருதுவும் இவ்வாறே. அரபு, பாரசீகப் பெயர்ச்சொற்கள் நிறைந்த மொழி அது. ஆயினும் 'ஆனா, ஜானா, கர்னா' என்னும் அதன் வினைகள் இந்திய மண்ணினுடையவை.

உருதுவைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதுவும் தமிழைப் போல் வினையைக் கடைசியில் வைப்பதால் எளிது என்று நம்மவர் நினைப்பார்கள். இறந்தகாலத்தில்தான் அது காலை வாரும். 'அஹ்மத் நே கத் படா' என்றால் அஹ்மது கடிதம் படித்தான். 'அஹ்மத் நே கிதாப் படீ' என்றால் நூல் படித்தான். படித்தவன் ஒரே அஹ்மதுதான். ஆனால் வினை எழுவாயை விட்டுச் செயப்படுபொருளோடு போய்விடுகிறது. 'கிதாப்' பெண்பாலாகையால் வினையும் பெண்பாலாயிற்று. எழுவாயைக் கண்டு பயனிலையை முடிக்கும் தமிழனுக்கு இது புதிர்.

அரபியர்க்கும் தம் மொழி தானாக வந்ததுதான். அதற்கு இலக்கணம் தேவை என்று உணர்த்தியவர்கள் அதைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களே. அரபு இலக்கணத்தின் பெருநூலாகிய 'அல்கிதாப்' செய்த ஸீபவைஹி (ரஹ்) பாரசீக வழியினர். இளமையில் பஸராவில் ஹம்மாது இப்னு ஸலமா (ரஹ்) அவர்களிடம் ஹதீஸ் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். பாடத்தில் 'லைஸ' என்னும் வினையும், அதை அடுத்து அபுத் தர்தா (ரலி) அவர்களின் பெயரும் வந்தன. 'லைஸ'வுக்குப் பின் வருவது எழுவாயாகத்தானே இருக்கும் என்று எண்ணி, ஆசிரியர் 'அபா' என்றதை இவர் 'அபு' என்று எழுவாய் வடிவில் திருத்திப் படித்தார். ஆசிரியர் உடனே பிழை பிடித்தார். அவ்விடத்தில் 'லைஸ' இன்னாரைத் 'தவிர' என்ற பொருளில் வந்தது. அதன் எழுவாய் வினைக்குள்ளேயே மறைந்து நிற்கிறது. பெயர் இரண்டாம் வேற்றுமைக்குப் போய்விடுகிறது. அவையில் தலைகுனிந்த அந்த இளைஞர், இனி எவரும் என்னிடம் பிழை காண முடியாத ஒரு கல்வியைத் தேடுவேன் என்று உறுதி பூண்டு, கலீல் இப்னு அஹ்மது (ரஹ்) அவர்களின் மாணவரானார் என்பது வரலாறு. ஓர் உயிர்க்குறியில் விழுந்த பிழை அம்மொழிக்குப் பேரிலக்கணத்தைத் தந்தது! அவர் மறைந்தது ஹிஜ்ரி 180ஐ ஒட்டி, அப்பொழுதும் இளைஞரே.

அவர் தம் நூலின் தொடக்கத்திலேயே சொற்களைப் பெயர், வினை, இடைச்சொல் என மூன்றாக வகுத்தார். நம் தொல்காப்பியரோ பெயர், வினை இரண்டையே சொல் எனக் கொண்டு, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து தோன்றும் என்றார். வினையின் இலக்கணமாகத் தொல்காப்பியர் காட்டுவது வேற்றுமை ஏலாமையும் காலம் காட்டுதலும். ஸீபவைஹியும் வினையை வரையறுக்கும்போது, நடந்து முடிந்தது, இனி நடப்பது, நடந்துகொண்டிருப்பது என்று காலத்தையே கைக்கொள்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத இரு பேரறிஞர் ஒரே வாயிலில் வந்து நிற்கிறார்கள்.

நம் சிறுவனைப் பக்கத்தில் இருத்தி, எழுதினான், எழுதினாள் என்று சொல்லச் சொன்னோம். எழுதினார், எழுதினார்கள், எழுதியது, எழுதின என்று விரல் மடக்கிக்கொண்டே போனான். எழுதினாய், எழுதினீர், எழுதினீர்கள், எழுதினேன், எழுதினோம் என்று முடிக்கையில் பதினொன்று ஆயிற்று. தன் வாயில் ஒரு வாய்பாடு குடியிருப்பதை அன்றுதான் கண்டான்போலும். மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தான். இப்பொழுது பதினான்கும் பதினொன்றும் எதிரெதிரே நின்றன. 'கதப்து' என்பது 'எழுதினேன்'. இரண்டிலும் 'நான்' வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ ரோட், யூ ரோட், தே ரோட்' என்று ஆளை வெளியே நிறுத்தினால்தான் பொருள் விளங்கும். ஆக, இவ்விடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தை விட அரபு நெருக்கம். அரபு இருவருக்கெனத் தனி வடிவம் வைத்திருக்கிறது. 'எழுதினாய்' என்பதில் ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறது. அவை நம்மிடம் இல்லை. நம்மிடமுள்ள மரியாதைப் பன்மை அவ்வாய்பாட்டில் இல்லை. உயர்திணை, அஃறிணை என்பது தமிழுக்கே உரியது என்று நாம் மார்தட்டுவோம். அரபும் பகுத்தறிவில்லாதவற்றின் பன்மையைப் பிரித்துவைத்து, அதற்குப் பெண்பால் ஒருமை வினையைத் தருகிறது.

அரபுப் பாடசாலை வாசலை மிதித்தவர் எவரும் 'ழரப ஸைதுன் அம்ரன்' என்ற எடுத்துக்காட்டை மறக்கமாட்டார். ஸைது அம்ரை அடித்தான். நூற்றாண்டுக் கணக்காக அடித்துக்கொண்டே இருக்கிறான். அம்ரு செய்த குற்றந்தான் என்ன? இதற்கு அரபு நாட்டில் ஒரு வேடிக்கை விடை சொல்வார்கள். 'தாவூது' என்ற பெயருக்கு இரண்டு 'வாவ்' வேண்டியிருக்க ஒன்றுதான் எழுதப்படுகிறது. 'அம்ரு' என்ற பெயரிலோ, 'உமர்' என்பதினின்றும் பிரித்தறிய, ஒலியாத 'வாவ்' ஒன்று கூடுதலாக எழுதப்படுகிறது. தாவூதின் வாவைத் திருடியவன் அம்ரு, அதனால் அடி! வேடிக்கை இருக்கட்டும். 'அம்ரை' என்பதில் 'ஐ' செய்யும் வேலையை 'அம்ரன்' என்பதில் ஈற்று 'அன்' செய்கிறது. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வினை முதலில் வந்தாலென்ன, முடிவில் வந்தாலென்ன? அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பதில் மாணவன் தடுமாறமாட்டான்.

இந்த வரிசை வேற்றுமைதான் நம் பழைய மொழிபெயர்ப்புகளின் நடையைக் கடினமாக்கியது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் உரைகளிலும், மதரஸாக்களில் வழிவழி வந்த சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் முறையிலும், வினை முதலில் வந்தால் தமிழிலும் முதலில் வரும். பெயரெச்சத்தால் 'நேற்று வந்த மனிதர்' என்று ஒரு மூச்சில் நாம் சொல்வதை அரபு 'அல்லதீ' என்னும் சொல்லை இடையிட்டுச் சொல்லும்; அதை அப்படியே பெயர்த்து 'எப்பேர்ப்பட்டவரென்றால்' என்று ஓதினார்கள். திராவிட மொழிகள் இத்தகைய இணைப்புச் சொல்லை நாடாமல் எச்சத்தாலேயே காரியத்தை முடித்துக்கொள்கின்றன என்பதைக் கால்டுவெல் இவற்றின் தனி அடையாளங்களுள் ஒன்றாக வைத்தார். அந்தப் பழைய உரைகளை எள்ளி நகையாடுவது தகாது. மூலத்தின் ஒரு சொல்லும் சிதறலாகாதே என்ற அச்சத்தில் பிறந்த நடை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) போன்ற பெரியோர் (1816-1898) அரபுத்தமிழில் எழுதிக் குவித்திராவிடில் எத்தனையோ குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மார்க்க அறிவு எட்டியே இராது. ஆயினும் பாடம் கற்பிக்கும் கருவி வேறு. படிப்பதற்குரிய உரைநடை வேறு.

காலத்திலும் ஓர் இடறல் உண்டு. குர்ஆனில் மறுமை நிகழ்ச்சிகள் பல இடங்களில் 'மாழீ' எனும் இறந்தகால வினையால் கூறப்படுகின்றன. இனி வரப்போவதை வந்ததாகச் சொல்வதேன் என்று படித்தவர்களும் கேட்பதுண்டு. நிகழ்வது உறுதி என்பதால் நிகழ்ந்ததாகவே கூறுவது என்று அரபு அணிநூலார் விடை தருகிறார்கள். இந்த விடையைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு அயல் நூல் தேவையில்லை. விரைவு, மிகுதி, தெளிவு ஆகியவற்றால் காலம் மாறி வரும் என்று நன்னூல் காலவழுவமைதி கூறுகிறது. வில்பட்டி வீட்டில் தாய் உணவுக்கு அழைத்தபோது நம் சிறுவன் இருந்த இடத்தை விட்டு அசையாமலே "இதோ வந்துவிட்டேன், உம்மா!" என்றானே, அதுவே போதிய எடுத்துக்காட்டு.

புறப்படுவதற்கு முந்தைய இரவு அவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். பதினான்கு வடிவங்களுக்கும் எதிரே தமிழ் எழுதியிருந்தான். இருவரைக் குறிப்பனவற்றிற்கு 'இருவரும் எழுதினார்கள்' என்று தானாகவே ஒரு வழி கண்டிருந்தான். பதினான்காவதான 'கதப்னா'வில் மட்டும் ஐயம். "இது 'நாம் எழுதினோம்' என்பதா, 'நாங்கள் எழுதினோம்' என்பதா மாமா?"

கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', கேட்பவனை விலக்கும் 'நாங்கள்' என்ற பிரிவினை அரபுக்கும் இல்லை, உருதுவுக்கும் ஆங்கிலத்துக்கும் இல்லை. கால்டுவெல் வியந்து குறித்த வேறுபாடுகளுள் இதுவும் ஒன்று. 'எழுதினோம்' என்ற வினையும் வாயைத் திறக்காது. இரண்டுக்கும் அதே 'ஓம்' தான். ஆகவே தமிழில் பெயர்ப்பவர் ஒவ்வோரிடத்திலும் நின்று முடிவு செய்தாக வேண்டும். இறைவன் தன்னைப் பன்மையில் கூறும் இடங்களில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'நாம்' என்று எழுதினார்கள். அது மாட்சிமைப் பன்மை. அடியார்கள் இறைவனை முன்னிலைப்படுத்தி வணங்கும் இடத்திலோ 'நாங்கள்' என்று எழுதினார்கள். வணங்கப்படுவோனை வணங்குவோர் கூட்டத்தில் சேர்த்து 'நாம்' என்றுரைக்கத் தமிழ் இலக்கணம் இடம் தராது. அரபு மூலம் கேட்காத வினாவைத் தமிழ் கேட்டு, அதற்கு விடையும் வாங்கிக்கொண்டது.

இதைச் சொன்னதும் சிறுவன் சற்று நேரம் பேசவில்லை. ஐந்து வேளையும் தொழுகையில் தான் ஓதும் சூராவை மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அந்த வசனம் வந்ததும் நிறுத்தினான். பிறகு பென்சிலை எடுத்து, பதினான்காவது வடிவத்திற்கு எதிரே இரண்டையும் எழுதி, நடுவே ஒரு கோடு போட்டுக்கொண்டான்.