எடுபிடிப் பையன் முதல் தலைமைச் சமையல்காரர் வரை - பிரெஞ்சுச் சமையலறையில் தொழில் கற்ற கதை

பெரிய ஹோட்டலில் சாப்பிடப் போனால் நம் கண்ணுக்குத் தெரிவது மேசை, தட்டு, பரிமாறுபவர் இவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தனி உலகம் இருக்கிறது. சூடு, புகை, சத்தம், அவசரம்! அந்த உலகத்துக்குள் முதல் நாள் நுழையும் ஒரு பையன் என்ன செய்வான்? சமைப்பான் என்று நினைத்தால் அது தவறு. வெங்காயம் உரிப்பான், உருளைக்கிழங்கு தோல் சீவுவான், தரையைக் கழுவுவான். அடுப்புப் பக்கம் போக அவனுக்கு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? அந்தக் காத்திருப்பு உண்மையில் படிப்பா, இல்லை மலிவான கூலி வேலையா? இந்தக் கேள்விக்கு விடை தேட பிரான்ஸ் நாட்டின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். இன்றைய நட்சத்திர ஹோட்டல் சமையலறைகளின் ஒழுங்கு பெரும்பாலும் அங்கே உருவானதுதான்.

சங்கங்களின் காலம்

பழைய பாரிஸில் உணவுத் தொழில் பல கூறுகளாகப் பிரிந்து கிடந்தது. இறைச்சியை நெருப்பில் வாட்டி விற்பவர்களுக்கு ஒரு சங்கம், பன்றி இறைச்சிப் பண்டம் செய்பவர்களுக்கு ஒன்று, மாவுப் பண்டம் செய்பவர்களுக்கு ஒன்று. ஒருவர் தொழிலில் இன்னொருவர் தலையிட முடியாது. தொழில் கற்க விரும்பும் பையன் ஒரு குருவிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு சில வருடங்கள் வேலை செய்ய வேண்டும். தொழில் ரகசியம் குருவின் கையில்தான் இருந்தது.

பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791ம் ஆண்டு இந்தச் சங்கங்கள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. பிரபுக்களின் மாளிகைகளில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் சிலர் வேலை இழந்து நகரத்தில் உணவகம் திறந்தார்கள். உணவகங்கள் பெருகப் பெருக, எடுபிடிப் பையன்களின் தேவையும் பெருகியது.

கரேம்: தெருவில் விடப்பட்ட சிறுவன்

அப்படி வந்த பையன்களில் ஒருவர்தான் மரி அந்துவான் கரேம். மிகவும் ஏழைக் குடும்பம். ஏறக்குறைய 10 வயதில், புரட்சியின் குழப்பமான நாட்களில், பெற்றோர் அவரைப் பாரிஸ் நகரில் தனியாக விட்டுவிட்டார்கள். ஒரு சாதாரண சாப்பாட்டுக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். கூலி? சாப்பாடும் படுக்க இடமும்தான்.

1798 வாக்கில் சில்வான் பெய்யி என்பவரின் மாவுப் பண்டக் கடையில் கரேம் தொழில் கற்கச் சேர்ந்தார். இங்கேதான் அவர் வாழ்க்கை திரும்பியது. பெய்யி அந்தப் பையனிடம் வேலை மட்டும் வாங்கவில்லை. வாரத்தில் இரண்டு மதியங்கள் விடுப்புக் கொடுத்து தேசிய நூலகத்துக்குப் போக அனுமதித்தார். பையன் அங்கே பழைய கட்டிடங்களின் படங்களைப் பார்த்து வரைந்தான். பிறகு அந்தக் கோயில்களையும் கோபுரங்களையும் சர்க்கரையிலும் மாவிலும் கட்டி, கடையின் முன்பக்கம் வைத்தான். ஊரே நின்று பார்த்தது!

பின்னாளில் கரேம் அமைச்சர் தாலேரானுக்கும், இங்கிலாந்தின் இளவரசருக்கும், ரோத்சைல்ட் குடும்பத்துக்கும் சமைத்தார். பிரெஞ்சுச் சமையலை முறைப்படுத்திப் பல நூல்கள் எழுதினார். ஆனால் 1833ல் ஐம்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். அக்காலச் சமையலறைகள் பெரும்பாலும் காற்றோட்டம் இல்லாத நிலவறைகள். நாள் முழுதும் மரக்கரிப் புகையைச் சுவாசித்ததே அவர் ஆயுளைக் குறைத்தது என்பார்கள்.

இரண்டு மதிய விடுப்பு என்பது சிறிய விஷயம்தான். அதைக் கொடுத்த முதலாளிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதுதான் கேள்வி. வரலாற்றில் பெயர் வராத மற்ற பையன்களுக்கு அப்படி ஒரு பெய்யி கிடைக்கவில்லை.

எஸ்கோஃபியே: பட்டதை மறக்காதவர்

ஒகுஸ்த் எஸ்கோஃபியே 1846ல் தெற்கு பிரான்ஸில் வில்நெவ் லூபே என்ற ஊரில் பிறந்தார். சிற்பியாக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் 13 வயதில் நீஸ் நகரில் சித்தப்பா நடத்திய உணவகத்தில் வேலைக்கு விட்டார்கள். உறவுக்காரப் பையன் என்ற சலுகை எதுவும் கிடைக்கவில்லை. அடியும் திட்டும் அக்காலச் சமையலறைகளில் சாதாரணம். எஸ்கோஃபியே உயரத்தில் மிகவும் குட்டை. அடுப்பின் அனல் நேராக முகத்தில் அடிக்கும் என்பதால் குதிகால் உயர்ந்த காலணி போட்டுக்கொண்டு வேலை செய்தார்.

1865ல் பாரிஸ் உணவகம் ஒன்றுக்கு மாறினார். 1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது ராணுவச் சமையல்காரராக மெட்ஸ் நகருக்குப் போனார். அங்கே பார்த்த ராணுவ ஒழுங்குதான் பின்னாளில் அவர் சமையலறைக்கு மாதிரியாக அமைந்தது என்று சொல்வதுண்டு.

1890ல் சேசர் ரிட்ஸுடன் சேர்ந்து லண்டனில் சவாய் ஹோட்டலின் பொறுப்பை ஏற்றார். 1899 முதல் கார்ல்டன் ஹோட்டலின் சமையலறையை நடத்தினார். இந்த இரண்டு இடங்களிலும் அவர் நிலைநிறுத்தியதுதான் 'பிரிகேட்' முறை. பிரிகேட் என்றால் படைப்பிரிவு. சமையலறையைப் பல பகுதிகளாகப் பிரித்து, சாஸ் செய்ய ஒருவர், இறைச்சி வாட்ட ஒருவர், மீனுக்கு ஒருவர், சூப்புக்கும் காய்கறிக்கும் முட்டைக்கும் ஒருவர், குளிர்ந்த பண்டங்களுக்கு ஒருவர், மாவுப் பண்டத்துக்கு ஒருவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரைப் போட்டார். அவருக்குக் கீழே உதவியாளர்கள். அவர்கள்தான் 'கமி'. எல்லோருக்கும் கீழே தொழில் பழகும் பையன்கள்.

இதனால் என்ன லாபம்? முட்டை, சிறுநீரகம், சாஸ் மூன்றும் சேர்ந்த ஒரு பதார்த்தத்தைத் தனி ஆளாகச் செய்தால் கால் மணி நேரம் ஆகும். பிரிகேட் முறையில் முட்டையை ஒருவர் போடுவார், அதே நேரத்தில் சிறுநீரகத்தை இன்னொருவர் வாட்டுவார், சாஸை மூன்றாமவர் தருவார். சில நிமிடங்களில் தட்டு தயார்!

புதிதாக வந்த பையனுக்கு இதில் இன்னொரு லாபமும் இருந்தது. முன்பு அவன் எல்லோருக்கும் எடுபிடி, யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும். இப்போது தான் யாருக்குக் கீழே வேலை செய்கிறோம், அடுத்த படி எது என்பது அவனுக்குத் தெரிந்தது. ஒரு பகுதியில் பழகியதும் அடுத்த பகுதிக்கு மாறலாம். எல்லாப் பகுதியும் சுற்றி வந்தவன் முழுச் சமையல்காரன் ஆகலாம். ஏறுவதற்கு ஓர் ஏணி கிடைத்தது என்று சொல்லலாம்.

எஸ்கோஃபியே வேறு சில விதிகளும் போட்டார். சமையலறையில் மது கூடாது. தாகத்துக்கு பார்லித் தண்ணீர் காய்ச்சி வைத்தார். கெட்ட வார்த்தை கூடாது. ஆர்டரை உரக்கச் சொல்லும் ஆளுக்குப் பிரெஞ்சில் 'குரைப்பவர்' என்றுதான் பெயர். எஸ்கோஃபியே அதை 'அறிவிப்பாளர்' என்று மாற்றினார். தனக்குக் கோபம் வந்தால் திட்டாமல் வெளியே போய்விடுவார். சமையல்காரர்கள் வெளியே போகும்போது கண்ணியமாக உடுத்த வேண்டும், விட்டுப்போன படிப்பைத் தொடர வேண்டும் என்று வற்புறுத்தினார். 1903ல் வெளிவந்த அவருடைய சமையல் கையேடு ஆயிரக்கணக்கான செய்முறைகளைச் சுருக்கமாகச் சொன்னது. குரு மனது வைத்தால்தான் தெரியும் என்றிருந்த ரகசியம் இப்போது அச்சில் வந்துவிட்டது.

ஏணியில் இடம் இல்லாதவர்கள்

ஆனால் எல்லோருக்கும் இந்த ஏணி கிடைத்ததா? இல்லை. சமையலறையில் பாத்திரம் கழுவுபவர் ஒருவர் இருக்கிறார். அவர் 20 வருடம் வேலை செய்தாலும் பாத்திரம்தான் கழுவுவார்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1929ல் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் இந்த வேலையைச் செய்தார். 1933ல் வெளியான தன் முதல் நூலில் அந்த அனுபவத்தை எழுதினார். அவர் வேலை செய்த நிலவறையில் வெப்பம் 43 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதே இல்லையாம், சில வேளைகளில் 54 டிகிரியை நெருங்குமாம். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒன்பது தாண்டித்தான் முடியும்.

அங்கே மீசைக்குக்கூட சாதி இருந்தது! நல்ல ஹோட்டல்களில் பரிமாறுபவர்கள் மீசை வைக்கக் கூடாது. ஆகவே தங்களுக்குக் கீழே இருக்கும் பாத்திரம் கழுவுபவர்களும் வைக்கக் கூடாது என்று அவர்கள் விதித்தார்கள். சமையல்காரர்களோ பரிமாறுபவர்களை மதிக்கவில்லை என்று காட்டுவதற்காகவே மீசை வளர்த்தார்கள். வேலையில் சேர்ந்த ஆர்வெல் தன் மீசையை எடுக்க வேண்டியதாயிற்று.

பெண்களுக்கும் பெரிய ஹோட்டல்களின் பிரிகேட்டில் இடம் இல்லை. அவர்கள் வேறு வழியில் வந்தார்கள். லியோன் நகரில் 'அம்மா' என்ற அடைமொழியோடு பெண்கள் நடத்திய உணவகங்கள் பிரபலம். அவர்களில் யூஜெனி பிரேசியே பண்ணை வேலைக்காரியாக வளர்ந்தவர். 1921ல் சிறிய உணவகம் ஒன்றைத் தொடங்கினார். 1933ல் தன் இரண்டு உணவகங்களுக்கும் மிஷலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பால் பொகூஸ் 1946ல் இவரிடம்தான் தொழில் பழகினார். லியோனுக்கு வெளியே மலைமேல் இருந்த அந்த உணவகத்தில் பொகூஸ் பால் கறந்தார், தோட்ட வேலை செய்தார், துணிகளுக்கு இஸ்திரி போட்டார். நடுநடுவே சமையலும் கற்றார்!

இல்லாத இயந்திரம்

ழாக் பெப்பான் என்ற சமையல் கலைஞர் 1949ல், 13 வயதில், பூர்க் ஆன் பிரெஸ் என்ற ஊரின் ஹோட்டலில் சேர்ந்தார். தன் நினைவு நூலில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு நாள் கோழியில் எலும்பு நீக்கும் இயந்திரத்தை வேறொரு உணவகத்திலிருந்து வாங்கி வரும்படி அவரை அனுப்பினார்கள். பையன் கனமான மூட்டையைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். அப்படி ஓர் இயந்திரமே கிடையாது! புதுப் பையன்களை ஏமாற்றுவதற்கென்றே நடக்கும் விளையாட்டு அது.

முதல் காலம் முழுதும் அவர் செய்தது கழுவுவதும் நறுக்குவதும்தான். யாரும் எதையும் விளக்கவில்லை. 'இதைச் செய்' என்பார்கள், அவ்வளவுதான். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் அடுப்பை 'பியானோ' என்று அழைப்பார்கள். அந்தப் பியானோவின் முன்னால் ஒரு நாள் நிற்கச் சொன்னபோது, யாரும் சொல்லித் தராமலே கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பார்த்துப் பார்த்தே கற்றிருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிப்பதும் நறுக்குவதும் வீண் வேலை அல்ல. ஒரே அளவில் நறுக்கினால்தான் ஒரே நேரத்தில் வேகும். அடுப்புப் பற்ற வைக்கும் முன்பே எல்லாப் பொருளும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் கூட்ட நேரத்தில் கை தடுமாறாது. ஆகவே இந்தக் காத்திருப்பில் படிப்பு உண்டு. ஆனால் அதே காத்திருப்பைக் காரணம் காட்டிப் பல முதலாளிகள் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கியதும் உண்மை.

பள்ளிக்கூடம் வந்தது

பிரான்சில் 1919ல் வந்த ஆஸ்தியே சட்டம், தொழில் பழகும் இளைஞர்களுக்குத் தொழிற்கல்வி வகுப்புகளைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1946ல், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகக் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சமையல் பள்ளி தொடங்கப்பட்டது. அதுதான் இன்றைய அமெரிக்கச் சமையல் கல்வி நிறுவனம். இந்தியாவில் 1954ல் மும்பையில் ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிறுவனம் வந்தது. சென்னைத் தரமணியிலும் அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்து நட்சத்திர ஹோட்டலில் சேரும் நம் ஊர்ப் பையனுக்கும் பெண்ணுக்கும் கிடைக்கும் முதல் பதவியின் பெயர் என்ன தெரியுமா? கமி! எஸ்கோஃபியேயின் ஏணி இன்னும் நிற்கிறது.

சம்பளக் கேள்வியும் இன்னும் முடியவில்லை. உலகின் தலைசிறந்த உணவகம் என்று பலமுறை பெயர் வாங்கிய கோபன்ஹேகன் நகரின் நோமாவே, தன் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது 2022ல்தான்.

கரேம், எஸ்கோஃபியே, பொகூஸ், பெப்பான் எல்லோரும் கீழ்ப்படியில் தொடங்கி மேலே வந்தவர்கள். கஷ்டப்பட்டதால்தான் அவர்கள் பெரிய ஆள் ஆனார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர்களைப் போலவே கஷ்டப்பட்டு, பாத்திரத் தொட்டி அருகிலேயே நின்றுபோனவர்கள் ஏராளம். கரேமுக்கு இரண்டு மதிய விடுப்புக் கொடுத்த முதலாளி கிடைத்தார். எஸ்கோஃபியேயின் பையன்களுக்குத் திட்டாத தலைவர் கிடைத்தார். தொழில் கற்க வருபவனைக் கற்க வந்தவனாகவே யாராவது நடத்தும்போதுதான் வெங்காயம் உரிப்பதும் படிப்பாகிறது. இல்லாவிட்டால் அது வெறும் வெங்காயம் உரிப்பதுதான்.