கியூட் நிரலகமும் ஸ்ரீபெரும்புதூரும்: ஓர் உரிமம் மாறிய வரலாறு

செயலிகள் எழுதப் பயன்படும் நிரலகம் (லைப்ரரி) ஒன்றை வெளியிடும்போது, விநியோகிப்பவரும் மூல நிரலைத் திறக்க வேண்டும் என்னும் காப்பிலெஃப்ட் உரிமமா, அப்படிக் கேட்காத தாராள உரிமமா என்ற கேள்வி பெரும்பாலும் கொள்கைச் சண்டையாகவே பேசப்படுகிறது. உரிமையாளருக்கு எந்த வழியில் பணம் வருகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்குச் சான்று கியூட் நிரலகம். 2008 முதல் 2012 வரை அதை வைத்திருந்த நோக்கியா, அதே ஆண்டுகளில் ஸ்ரீபெரும்புதூரில் கோடிக்கணக்கில் கைபேசி தயாரித்துக்கொண்டிருந்தது.

திரையில் சாளரமும் பொத்தானும் பட்டியலும் வரைந்து தரும் கியூட், நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்துடையது. 1996இல் தொடங்கிய கேடிஈ என்ற லினக்ஸ் மேசைத்தளத் திட்டம் அதன்மேல் எழுந்தது. கியூட்டின் உரிமம் கட்டற்றதல்ல என்ற எதிர்ப்பில் 1997இல் க்னோம் என்ற போட்டி மேசைத்தளம் பிறந்தது. 2000 செப்டம்பரில் ட்ரோல்டெக் லினக்ஸ் பதிப்பை ஜிபிஎல் என்ற காப்பிலெஃப்ட் உரிமத்தில் விட்டது. எதிர்ப்புக்குப் பணிந்த பெருந்தன்மை என்று மட்டும் இதைப் படித்தால் பாதி விளங்காது. ஜிபிஎல் நிரலகத்தோடு இணைத்த செயலியை விநியோகித்தால் செயலியின் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். தர மனமில்லாதவர் ட்ரோல்டெக்கிடம் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்கலாம். கறாரான காப்பிலெஃப்ட்தான் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி!

2008இல் நோக்கியா ட்ரோல்டெக்கை வாங்கியதும் கணக்கு மாறியது. நோக்கியாவின் பிழைப்பு கைபேசி விற்பனை. உரிமக் கட்டணம் அதற்குச் சில்லறை. அதன் கைபேசி இயங்குதளங்களான சிம்பியனுக்கும் மேமோவுக்கும் செயலி எழுத ஆட்கள் வர வேண்டும். 2009 மார்ச்சில் வெளிவந்த கியூட் 4.5, தளர்ந்த காப்பிலெஃப்டான எல்ஜிபிஎல் 2.1 உரிமத்தையும் ஏற்றது. செயலியை மூடியே வைக்கலாம். நிரலகத்தில் திருத்தம் செய்து விநியோகித்தால் அந்தத் திருத்தத்தைத் திறக்க வேண்டும். பிஎஸ்டி போன்ற முழுத் தாராள உரிமம் வரை ஏன் போகவில்லை? போயிருந்தால் போட்டியாளர் ஒருவர் திருத்தங்களைத் தன்னிடமே பூட்டி வைத்திருக்க முடியும். கைபேசி விற்பவருக்கு அது ஆகாது என்பது என் ஊகம்.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. அங்கே உருவான கைபேசிகளில் ஏறும் மென்பொருளுக்கு ஃபின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்குத் தொகை போனது. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது: அத்தொகை ராயல்டி, வரி பிடித்தம் செய்யவில்லை என்றது. கேட்ட வரி சுமார் 2,000 கோடி ரூபாய். சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் வெளியே நின்றது. ஆர்டர் வற்றி, நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. விற்பனைச் சரிவும் காரணம்தான். எல்லாவற்றையும் வரியின் தலையில் கட்டுவது நியாயமல்ல. ஆயத்த மென்பொருளுக்குக் கொடுக்கும் விலை பதிப்புரிமை ராயல்டி ஆகாது என்று 2021 மார்ச்சில், வேறு வழக்குகளில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வரி வழக்குக்கும் கியூட்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் ஒரு பொருத்தம் உண்டு. அலுவலகக் கணினியில் இருக்கும்வரை காப்பிலெஃப்ட் எதையும் கேட்பதில்லை. நிரல் ஏறிய பொருள் பிறர் கைக்குப் போகும்போதுதான் கடமை எழுகிறது. உரிமத்தைத் தேர்ந்தவர் எங்கோ இருக்கலாம். விளைவு லாரி புறப்படும் இடத்தில் தெரியும்.

2011இல் கியூட்டின் வணிக உரிமப் பிரிவும் மறு ஆண்டில் மீதியும் டிஜியா என்ற மென்பொருள் நிறுவனத்துக்குப் போயின. உரிமம் விற்றுப் பிழைப்பவர் மீண்டும் உரிமையாளர், கறார்த்தனமும் திரும்பியது. 2016 ஜூனில் வந்த கியூட் 5.7 எல்ஜிபிஎல் 2.1ஐக் கைவிட்டு மூன்றாம் பதிப்புக்கு மாறியது. நுகர்வோர் சாதனத்தில், திருத்திய நிரலகத்தை மீண்டும் ஏற்றி இயக்கத் தேவையான விவரங்களையும் தரச் சொல்கிறது அப்பதிப்பு. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தயாராகும் கார்களின் திரைகளை நினைத்தால் சிக்கல் புரியும்: வாங்கியவர் காரின் மென்பொருளை மாற்ற எந்தத் தயாரிப்பாளர் சம்மதிப்பார்? வணிக உரிமத்துக்குப் பணம் கட்டுவார். அல்லது பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தில் உள்ள ஆண்ட்ராய்டுக்குப் போவார்.

எதிர்த்திசைக்கு ஐஐடி மெட்ராஸின் சக்தி நுண்செயலி (மைக்ரோபிராசசர்) சான்று. அரசு நிதியில் வளர்ந்த அத்திட்டத்துக்கு உரிமம் விற்கும் நெருக்கடி இல்லை; வடிவமைப்பை பிஎஸ்டி உரிமத்தில் கொடுத்துவிட்டது.

கியூட்டிலும் பிஎஸ்டிக்கு ஓர் இடம் உண்டு. 1998இலேயே ட்ரோல்டெக்கும் கேடிஈயும் ஓர் அறக்கட்டளை அமைத்தன. கட்டற்ற பதிப்பை வெளியிடுவதை உரிமையாளர் நிறுத்திவிட்டால், கியூட்டை பிஎஸ்டி உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் அதற்கு உண்டு. உரிமையாளர்கள் மாறியும் அந்த ஒப்பந்தம் கூடவே வந்திருக்கிறது.