வேடர் வளர்த்த இளவரசன்

விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவே இருக்கிறது கம்மாபுரம். விருத்தாசலம் தாண்டி மேற்கே போனால் பெண்ணாடம், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பிறந்த ஊர். நேற்றிருந்த நானும் இன்றிருக்கும் நானும் எப்படி ஒரே ஆள் என்று எங்கள் பக்கத்தில் அன்றைக்கே தர்க்கம் நடந்திருக்கிறது.

மெய்கண்டாருக்கே இரண்டு பெயர். வீட்டில் வைத்தது சுவேதவனப் பெருமாள். மெய்கண்டார் என்பது பரஞ்சோதி முனிவர் தந்தது என்கிறது மரபு. அவருடைய சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 வரி. அதில் மூன்றாம் சூத்திரம் முழுக்க ‘உயிர் என்று ஒன்று உண்டு’ என்பதற்கான வாதம். எதிரே நிற்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. உடம்புதான் ஆள் என்கிற உலகாயதர் ஒரு பக்கம். கணத்துக்குக் கணம் மாறும் ஓட்டம்தான் இருக்கிறது, நிலையான ஆள் கிடையாது என்கிற பௌத்தர் இன்னொரு பக்கம்.

மெய்கண்டாரின் பதில்களை நம்ம பேச்சில் சொன்னால் இப்படி வரும். ‘எதுவுமே இல்லை’ என்கிறாயா? அப்படிச் சொல்வது யார்? ‘என் உடம்பு’ என்கிறாய். ‘என் வீடு’ என்பவன் வீடாகிவிடுவானா? கண்ணுக்குச் சத்தம் தெரியாது, காதுக்கு நிறம் தெரியாது. இரண்டையும் சேர்த்து அறிய ஒருவர் வேண்டாமா? உடம்பை அவர் ‘இயந்திரம்’ என்றே குறிப்பிடுகிறார். கோட் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது.

ஆனால் என்னை நிறுத்தியது எட்டாம் சூத்திரம். வேடர்களிடம் வளர்ந்து, தன்னை வேடனென்றே நம்பும் இளவரசன் அதில் உவமையாக வருகிறான். ஐம்புலன்கள்தான் வேடர்கள். குரு வந்து அவன் யார் என்று சொல்கிறார்.

1694இல் ஜான் லாக்கும் ஓர் இளவரசனைக் கொண்டுவந்தார். இளவரசனின் நினைவுகள் ஒரு செருப்புத் தொழிலாளியின் உடம்புக்குள் போய்விட்டால், அந்த ஆள் யார்? இளவரசன்தான் என்றார் லாக். நினைவு எங்கேயோ, ஆள் அங்கே. மீளவே முடியாதபடி நினைவு போய்விட்டால்? அதே மனிதர்தான், ஆனால் அதே ஆள் இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

மெய்கண்டாரின் இளவரசனுக்கோ அரண்மனை பற்றி ஒரு நினைவும் கிடையாது. இருந்தும் அவன் இளவரசன். குரு சொன்னதால் அப்படி ஆகவில்லை. சொல்வதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தான்.

இது வெறும் ஏட்டு விவகாரம் இல்லை. மறதி நோய் வந்த என் ஆயா இப்போது என்னிடம், “நீ யாரு தம்பி, எந்த ஊரு?” என்கிறது. பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அது எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, “ஆயா எவ்ளோ கெட்டிக்காரி தெரியுமா, எல்லாக் கணக்கும் மனசுலயே வெச்சிருந்துச்சு” என்று இறந்தகாலத்தில் பேசுகிறார்கள். லாக்கின் கணக்கில் அந்தப் பேச்சில் தப்பில்லை.

அழியாத உயிர் உண்டா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஆனால், நினைவை மட்டும் வைத்து ஆளை அளக்காதே என்கிற வாதத்துக்கு அந்த நம்பிக்கைகூட வேண்டியதில்லை. சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தால் இப்போது நான் குறுக்கே போகிறேன்: “ஆயாகிட்டயே பேசுங்க.”