நடுவில் நின்றவர்



நம் பழைய மாணவர் ஒருவர் ஆவடியில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறார். போன வாரம் போனில் குறைப்பட்டுக்கொண்டார்: "எல்லாப் பையனும் ஃபார்வர்டுதான் ஆடுவேங்கிறான் சார். நடுவுல நிக்க ஆளே கிடைக்கல." அந்தப் பையன்களுக்கு வாசித்துக் காட்டட்டும் என்றுதான் கார்ல்டன் சாப்மனைப் பற்றி எழுதுகிறேன்.

1971 ஏப்ரல் 13 அன்று பெங்களூரு ஆஸ்டின் டவுனில் பிறந்தவர். தெருவில் தமிழ் சாதாரணமாகக் காதில் விழும் பகுதி அது. 1990-ல் ஜாம்ஷெட்பூர் டாடா கால்பந்து அகாடமி, 1993-ல் கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால். அந்த ஆண்டே ஆசிய வின்னர்ஸ் கோப்பைப் போட்டியில் எதிரே வந்தது ஈராக்கின் அல் ஜவ்ரா. வளைகுடாப் போர் முடிந்து இரண்டு வருடம்தான். ஆனாலும் ஈராக் கால்பந்து நம்மைவிடப் பல படி மேலே. ஆட்டம் 6-2. ஆறும் ஈஸ்ட் பெங்கால் பக்கம்! அதில் மூன்று சாப்மன் அடித்தது. வயது 22. கோல் அடிக்கத் தெரியாதவன்தான் நடுவில் ஆடுவான் என்று நினைக்கும் பையன்களுக்காக இதை முதலில் சொல்லிவிட்டேன்.

1995-ல் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்குப் போனார். முன்னால் ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும். பின்னால் பந்தைப் பறித்து, தலையைத் தூக்கிப் பார்த்து, ஓடுகிறவன் காலுக்குச் சரியாகச் சேர்ப்பது இவர் வேலை. 1996-97-ல் முதல் தேசிய லீக்கை ஜே.சி.டி. வென்றது. 14 கோலுடன் பூட்டியா முதலிடம். அடுத்த சீசன் எஃப்.சி. கொச்சின். அந்த ஆண்டு லீக்கில் அதிக கோல் அடித்தவர் அதே அணியின் ராமன் விஜயன், நம் தமிழ்நாட்டுக்காரர். இரண்டு வருடம், இரண்டு அணி, இரண்டு டாப் ஸ்கோரர். இருவர் அணியிலும் நடுவில் நின்றவர் ஒருவரே. பேப்பரில் வரும் கோல் கணக்கில் இது தெரியாது.

மறுபடி ஈஸ்ட் பெங்கால் வந்து, 2000-01 லீக்கைத் தலைவராக வென்று கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். இந்தியாவுக்கும் சில ஆட்டங்களில் தலைமை தாங்கியவர். அர்ஜுனா விருது 1998-ல் பூட்டியாவுக்கு, 2003-ல் விஜயனுக்கு. சாப்மனுக்கு இல்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

பயிற்சியாளரானபோதும் அதே கதைதான். படித்த டாடா அகாடமியிலேயே தொடங்கினார். பிறகு ஷில்லாங் ராயல் வாஹிங்டோ, கொல்கத்தா பவானிபூர், பெங்களூரு ஸ்டூடண்ட்ஸ் யூனியன், 2017-ல் கோழிக்கோடு குவார்ட்ஸ். 2014-ல் ஐ.எஸ்.எல். வந்ததும் பெரிய நாற்காலிகள் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே போயின. இவர் சின்ன கிளப்புகளில், பெயர் தெரியாத பையன்களோடு இருந்தார்.

2020 அக்டோபர் 12, அதிகாலை. பெங்களூரு மருத்துவமனையில் மாரடைப்பு. 49 வயது. அந்த வாரம் கொல்கத்தாவில் ஐ-லீக் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. அவர் பயிற்சி தந்த பவானிபூரும் அதில் ஆடியது.