ஒரே நோயாளி, இரண்டு அளவுகோல்

1930-இல் லண்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களுக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. பல ஆண்டுகளாக அது எழுப்பிவந்த குறைகளில் முக்கியமானது பிரசவப் பயிற்சி. ஒவ்வொரு மாணவரும் தம் கையால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்றது. ஆண்களிடம் பிரசவம் பார்த்துக்கொள்ளப் பெண்கள் தயங்கிய நாட்டில் அந்தக் கணக்கு எப்படி நிரம்பும்? குறை உண்மைதான். ஆனால் அதைத் தீர்க்கும் அதிகாரம் கடல் கடந்து இருந்ததுதான் இங்கிருந்தவர்களைச் சுட்டது. 1933-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. 1936-இல் லண்டன் மீண்டும் அங்கீகாரம் தந்தது. ஆனால் தன்மானத்துக்காகப் பிறந்த அதே சட்டம், பட்டத்துக்குப் பதில் உரிமச் சான்று பெற்ற எல்.எம்.பி. டாக்டர்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. பின்னாளில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியான ராயபுரம் மருத்துவப் பள்ளி போன்றவற்றில் படித்து, சிற்றூர்களில் வைத்தியம் பார்த்தவர்கள் அவர்கள். யாரை உள்ளே விடுவது என்ற முடிவில் திறமையோடு தகுதிநிலையும் கௌரவமும் அன்றே கலந்துவிட்டன. இன்றுவரை அவை பிரியவில்லை என்பதே என் வாதம்.

அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த 1956-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் 2001-இல் திருத்தப்பட்டு, வெளிநாட்டில் படித்துத் திரும்பும் இந்தியர்களுக்கு ஸ்கிரீனிங் தேர்வு வந்தது. 300 கொள்குறி வினாக்கள். தேர்ச்சிக்கு 150 மதிப்பெண். தேர்வு எழுதுபவர் மூச்சுத்திணறலோடு வரும் நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பார், பதறி நிற்கும் தாயிடம் என்னென்ன கேட்பார் என்பதை அந்த வினாத்தாள் பார்ப்பதில்லை. ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 5 நாடுகளில் இளநிலையோடு முதுநிலையும் முடித்துப் பதிவுரிமை பெற்றவர்களுக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ரஷ்யாவிலோ சீனாவிலோ முதுநிலை முடித்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நோயாளியின் உயிரோடு விளையாட முடியாது, கண்டிப்பு வேண்டும் என்பார்கள். வேண்டும்தான், தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2015 முதல் 2018 வரை எழுதிய 61,708 பேரில் 8,764 பேரே தேறினார்கள் என்ற கணக்கையும் எடுத்துக் காட்டுவார்கள். அதில் ஒருவரே பலமுறை எழுதியதும் சேரும். அது போகட்டும். அந்தக் கணக்கை எதோடு ஒப்பிடுவது? இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களிடம் அதே தாளை எவரும் நீட்டியதில்லை. இங்கே இடம் கிடைக்காதவர்கள்தானே வெளியே போகிறார்கள் என்பது அடுத்த வாதம். ஆனால் 2018 முதல் வெளிநாடு போகிறவர்களும் நீட் தேர்ச்சி காட்டியாக வேண்டும். குறைந்த தரவரிசையோடு, பெருங்கட்டணம் கட்டி இங்குள்ள தனியார் கல்லூரிகளில் சேர்கிறவர்களும் உண்டு. அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத் தேர்வோடு வெளியே வந்துவிடலாம். வெளிநாட்டில் படித்தவரோ 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே 12 மாதப் பயிற்சி முடித்தாலும், இங்கே மறுபடி 12 மாதம் ஹவுஸ் சர்ஜனாக இருக்க வேண்டும்.

இருவரும் நாளை ஒரே வார்டில் நின்று வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் என்றால் இருவருக்கும் ஒரே தேர்வு வையுங்கள்; செய்முறையும் அதில் இருக்கட்டும். இது புதிய யோசனையல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமே ‘நெக்ஸ்ட்’ என்ற பொதுத் தேர்வை எழுதிவைத்து, நடைமுறைக்குக் கொண்டுவர 3 ஆண்டு கெடுவும் விதித்தது. 2023 ஜூலையில் அது தள்ளிவைக்கப்பட்டது. இங்கே படித்த மாணவர்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. அவர்களுடைய சில அச்சங்கள் நியாயமானவை. ஆனால் அந்த ஒத்திவைப்பால் பழைய ஸ்கிரீனிங் தேர்வு நிற்கவில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் மட்டும் அதைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.