அக்கராயனும் 2013 வட மாகாண சபைத் தேர்தலும்

கிளிநொச்சி மாவட்டம் கரைச்சிப் பிரதேசத்தில், அக்கராயன்குளத்தை நம்பி நெல் விளைவிக்கும் ஊர் அக்கராயன். இவ்வூரார் உட்பட வடக்கு மக்கள் மாகாண சபைக்கென முதன்முறை வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21 அன்று. 1988 மாகாண சபைத் தேர்தலில் வடக்கில் போட்டியே இருக்கவில்லை. இடங்கள் வாக்கெடுப்பின்றி நிரப்பப்பட்டன.

2013இல் மாவட்டங்களுக்கான 36 இடங்களில் கிளிநொச்சிக்கு 4. ஒவ்வொரு கட்சியும் அங்கு 7 பேரை நிறுத்த முடிந்தது. வாக்காளர் முதலில் கட்சிச் சின்னத்துக்கு நேரே புள்ளடி இட்டார். பிறகு அக்கட்சி வேட்பாளர்களில் மூவர் வரையானோரின் இலக்கங்களுக்கு விருப்பு வாக்கு அளித்தார். இதனால் ஒரே கட்சிக்குள்ளும் கடும் போட்டி இருந்தது.

வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கிளிநொச்சியில் 37,079 வாக்குகளுடன் 3 இடங்களை வென்றது. வெற்றிலைச் சின்னத்தின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 7,897 வாக்குகளுடன் 1 இடம் பெற்றது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள், படையினர் சூழ்ந்த மாவட்டம். அந்த நிலையில் இது மிகத் தெளிவான தீர்ப்பு. வெற்றி பெற்ற த. குருகுலராசா மாகாணக் கல்வி அமைச்சரானார். முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சர்.

பாடசாலை, விவசாயம், மாகாணத்துக்குள் அடங்கும் குளங்கள் எல்லாம் சபையின் பொறுப்பு என்பதால், அக்கராயன் கமக்காரருக்கு இத்தேர்தல் வயலோடு ஒட்டியது. சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டமும், நாடாளுமன்றம் நிராகரித்த எல்லை நிர்ணய அறிக்கையும் அடுத்த தேர்தலை முடக்கின. நிர்வாகம் ஆளுநர் கைக்குப் போனது.