‘சைனாமேன்’ என்னும் சொல் வந்த வழி

புள் என்பதும் குழி என்பதும் புணர்ந்து புட்குழி ஆயிற்று. சடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றிய இடம் என்பது தலவரலாறு. நாள்தோறும் ஊர்ப்பெயரைச் சொல்கிறோம். ளகரம் டகரமாய்த் திரிந்ததோடு பறவையும் கண்ணுக்கு மறைந்துவிட்டது. சொல்லுள் புதைந்து கிடப்பவை யாவும் இத்தகு புண்ணியக் கதைகள் அல்ல. சிலவற்றுள் வசையும் உண்டு. நம் மன்றத்துக் கவியரங்கில் நண்பர் ஒருவர் விதியைச் ‘சைனாமேன்’ பந்துக்கு உவமித்தார். நானும் கைதட்டினேன். பிறகே அச்சொல்லின் வரலாற்றைத் தேடினேன்.

இடக்கைப் பந்துவீச்சாளர் விரலால் அன்றி மணிக்கட்டால் சுழற்றும் பந்து, வலக்கை ஆட்டக்காரரை நோக்கி உட்புறம் திரும்பும். வழக்கமான இடக்கைச் சுழலுக்கு இது நேர்மாறு. அதற்கே இப்பெயர்.

1933இல் ஓல்டு டிராஃபோர்டு டெஸ்டில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்காக எல்லிஸ் அச்சோங் பந்து வீசினார். திரினிதாதில் பிறந்தவர், டெஸ்ட் ஆடிய சீன வழியினருள் முதல்வர். அவரது வழக்கமான பந்து இதுவன்று. அன்று ஒன்று உட்புறம் திரும்பிவிட, இங்கிலாந்தின் வால்டர் ராபின்ஸ் ஸ்டம்பிங் ஆனார். போயும் போயும் ஒரு சீனனிடம் ஏமாந்தேனே என்று வைதுகொண்டே அவர் வெளியேறியதாகக் கதை. ‘ஆளைச் சொல்கிறீரா, பந்தைச் சொல்கிறீரா?’ என்று லீரி கான்ஸ்டன்டைன் கேட்டாராம். அடிமைப்பட்டோர் வழிவந்த கான்ஸ்டன்டைனுக்கு அந்த வசையின் சுவை தெரியாததன்று. 1943இல் நிறத்தைக் காரணங்காட்டி இலண்டன் விடுதியொன்று அவரைத் தங்கவிட மறுத்தது, வழக்காடி வென்றார்.

ஆயினும் கதை பிறப்புச் சான்றாகாது. 1926இலேயே யார்க்‌ஷயரின் ராய் கில்னரைப் பற்றி எழுதுகையில் ஆங்கில நாளேடொன்று இச்சொல்லை ஆண்டுள்ளது. அச்சோங் வருமுன்பே, நேர்வழியில் வாராத பந்தைச் சீனன் தலையில் கட்டியிருந்தார்கள் என்றே கருதுகிறேன். இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக 2010இல் தம் புதினத்துக்கு இதையே பெயராக வைத்தார். 2017இல் குல்தீப் யாதவ் தர்மசாலாவில் ஆடியபோது சொல் மீண்டும் எங்கும் ஒலித்தது. சீன மரபினரான ஆஸ்திரேலியச் செய்தியாளர் ஆண்ட்ரூ வூ அதனை மறுத்து எழுதினார். 2018 விஸ்டன் ஆண்டுமலர் அச்சொல்லைக் கைவிட்டது.

ஆங்கிலேயரைக் குறைகூறிவிட்டு நாம் எழுந்துவிட முடியாது. பறை கொட்டிய குடியின் பெயர் நம் கரையிலிருந்தே கப்பலேறி, ‘ஒதுக்கப்பட்டவர்’ என்னும் பொருளில் ஆங்கில அகராதியில் அமர்ந்திருக்கிறது. அந்த இழிபொருளை முதலில் ஏற்றியவர்கள் ஆங்கிலேயர் அல்லர்.

கவிதை இம்மலரில் அச்சேறுமுன் அவ்வடியை மாற்றலாமா என்று நண்பரைக் கேட்டேன். இசைந்தார். ‘இடக்கை மணிக்கட்டுச் சுழல்’ மட்டும் அவர் சந்தத்துக்குள் அடங்க மறுக்கிறது. வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.